ஆறு கல்லறைகளும் ஏழாவது பெயரும்

டென்மார்க்கைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்திருந்தது நீல டின்னில் வரும் பிஸ்கட் மட்டும்தான். அந்த நாட்டுக்கு நான் ஒரு நாள் இரண்டு அலுவல்களைச் சுமந்துகொண்டு போவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் நின்ற காலம். நான் லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாவது அலுவல் என் தங்கச்சி வசந்தியுடையது. அவளுடைய புருஷன் சிவபாலன் நான்கு வருடங்களுக்கு முன்பே டென்மார்க்குக்குப் போய் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டார். மனைவியையும் மகளையும் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பத்துக்கு இரண்டு வருடமாகப் பதிலில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வசந்தி ஐந்து வயதுப் பிள்ளையோடு கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தாள். அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவருடைய கடிதங்கள் வரவரக் கட்டையாகிக்கொண்டு போகின்றன. பூங்காவில் வேலை என்று எழுதுகிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்கள் ஒருக்கால் போய்ப் பாருங்கள், அவருக்கு வேறு யாராவது இருந்தால் நேரே சொல்லிவிடுங்கள். எப்படியானாலும் ஆவணி முடிவதற்குள் ஒரு முடிவு வராவிட்டால் பிள்ளையோடு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறேன், செத்தால் ஊரில் சாகலாம். இதுதான் கடிதம். ஊருக்குப் போகிறேன் என்று அவள் எழுதியதைப் படித்த அன்றைக்கே டென்மார்க் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கே அப்போது நடந்துகொண்டிருந்தது லண்டன் பேப்பரில்கூட வந்தது.

இரண்டாவது அலுவல் என் வீட்டுக்காரர் மிஸ்டர் வில்மட்டுடையது. கீழ்த் தட்டில் அவர், மேல் அறையில் நான். மனைவியை இழந்தவர். காலையில் இரண்டு அவித்த முட்டை, மாலையில் நாய்ப் பந்தயம், ஞாயிறு தவறாமல் சப்பாத்துக்குப் பொலிஷ். நான் டென்மார்க் போகிறேன், அதுவும் ஜட்லாந்துப் பக்கம் என்று கேள்விப்பட்டதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். தொலைக்காட்சியை அவர் யாருக்காகவும் நிறுத்தியதை நான் கண்டதில்லை.

யுத்தத்தில் அவர் குண்டுவீச்சு விமானத்தில் இருந்தவராம். ஏழு பேர் கொண்ட குழு. இவருடைய வேலை மூக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கிடந்து குண்டை விடுவது. ஜட்லாந்துக்கு மேலே ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டு இவர்களுடையது தீப்பிடித்துவிட்டது. வெளியேறும் கதவு இவருடைய வயிற்றுக்குக் கீழேதான் இருந்தது. ஆகவே இவர் முதலில் குதித்தார். மற்ற ஆறு பேரும் குதிக்கவேயில்லை. ஒரு சின்னக் கிராமத்துத் தேவாலயத்தில் அவர்களைப் புதைத்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு இவர் இரண்டு தடவை போய் வந்திருக்கிறார். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன.

ஆறு கல்லறைகளையும் படம் பிடித்து வர வேண்டும் என்று கேட்டார். பிறகு ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே மஞ்சள் நிறக் கண்ணாடி இனிப்பு ஆறு. பறக்கும்போது அவர்களுக்கு இனிப்புக் கொடுப்பார்களாம். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் சாப்பிடுவது என்று அந்தக் குழுவுக்குள் ஒரு வழக்கம். எல்லோருடைய பங்கையும் வைத்திருந்தவர் இவர். குதிக்கும்போது அத்தனையும் இவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது. “ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு வா” என்றார்.

எனக்கு மனம் உடனே ஒப்பவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுகிற ஊரிலிருந்து வந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் விமானத்திலிருந்து விழுந்த பீப்பாய்க் குண்டு ஒன்று ஒரு வீட்டை அப்படியே விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். குண்டு போடப் போனவனுக்கு இனிப்பா என்று நினைத்தேன். கிழவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ நினைப்பது எனக்குத் தெரியும். நானும் நாற்பது வருடமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்” என்றார். நான் பையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

கப்பல் பயணத்தைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. வடகடல் என் வயிற்றிலிருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த லாரிக்காரன் இரவு முழுக்கப் பன்றி இறைச்சி ரொட்டி சாப்பிட்டு அதற்குத் துணை செய்தான். துறைமுகத்தில் என் பயணப் பத்திரத்தை ஓர் அதிகாரி மூன்று தரம் புரட்டினார். யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இங்கேயே தங்கிவிடும் யோசனை இருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பெட்ரோல் நிலையத்தில் திங்கட்கிழமை வேலை இருக்கிறது ஐயா என்றேன். அது அவருக்குத் திருப்தியான பதிலாக இருந்திருக்க வேண்டும்.

கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரின் பஸ் நிறுத்தத்தில் சிவபாலன் நின்றார்; எங்களுக்கு அவர் பாலன். கலியாண வீட்டில் பட்டு வேட்டியோடு பார்த்த ஆள். கன்னம் ஒட்டி, தலையில் பாதி மயிர் போயிருந்தது. கையைப் பிடித்தேன், காய்த்துப்போயிருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் பேனை பிடித்த கை அது.

அவர் குடியிருந்தது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே. கூட இருந்தவர் யோசேப்பு, மட்டக்களப்புக்காரர், தொழிற்சாலை வேலை. சமையல் முழுக்க யோசேப்புதான். தேங்காய்ப்பால் கிடைக்காத ஊரில் பசுப்பாலை விட்டு மீன் குழம்பு வைப்பதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நன்றாக இருந்தது என்று நான் சொன்னேன், பொய். ஆனால் மூன்றாம் நாள் உண்மையாகவே நன்றாக இருந்தது.

ஊரின் அமைதி எனக்குப் பிடிபடவேயில்லை. பட்டப்பகலில் தெருவில் ஆளில்லை. நாய் குரைப்பதில்லை. வேலியும் இல்லை. நடுப்பகலில் இப்படி அடங்கிக் கிடந்தால் எங்கள் ஊரில் ஊரடங்குச் சட்டம் என்று அர்த்தம். நடக்கப் போன இடத்தில் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு ஸ்ட்ரோபெரிப் பழம் வைத்திருந்தார்கள். கடைக்காரரைக் காணவில்லை. நான் பத்து நிமிடம் நின்று, பிறகு வீட்டுக் கதவைத் தட்டி, பழம் வேண்டும் என்றேன். வெளியே வந்த பெண் என்னையும் மேசையிலிருந்த தகரப் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். காசைப் பெட்டியில் போட்டுவிட்டு நாங்களே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானாம். இந்த ஏற்பாட்டை எங்கள் சந்தையில் வைத்தால் மாலைக்குள் பெட்டியும் போய்விடும், மேசையும் போய்விடும்.

இரண்டாம் நாள் காலையில் நான் வில்மட் சொல்லிவிட்ட கிராமத்துப் பெயரைச் சொல்லி, அங்கே ஒருக்கால் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பாலனிடம் கேட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டார். அங்கே ஒன்றும் இல்லை என்றார். பஸ் இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றார். யோசேப்பு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாளும் இதே கதை. பாலன் காலை ஆறரைக்குச் சைக்கிளில் போய்விடுவார். எந்தப் பூங்கா என்று கேட்டால், கொம்யூன் வேலை என்பார். கொம்யூன் என்பது ஊர் நிர்வாகம். அகதிகளுக்கு வீடு பார்ப்பது, வேலைக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள்தான். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தங்கச்சி எழுதியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கிராமத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஒரு பெண், ஒரு வீடு, ஒருவேளை ஒரு பிள்ளையும். எனக்குள் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. விண்ணப்பம் இழுபடுவதற்குக்கூட இந்த ஆள்தான் காரணமோ என்று நினைத்தேன். டென்மார்க் நீதி அமைச்சில் வேண்டுமென்றே மேசையில் போட்டு வைத்திருந்தார்கள் என்பதும், சட்டத்தில் இடமிருந்தும் தமிழ்க் குடும்பங்களின் பத்திரங்களை நகர விடவில்லை என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. அதற்காக ஓர் அரசாங்கமே விழுந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒவ்வொருவரும் தங்களிடம்தான் ஏதோ பிழை என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் ஒருவரிடமும் சொல்லாமல் கமராவையும் இனிப்புப் பையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பஸ் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பஸ், விடுமுறைக் காலத்தில் பாதி வழியோடு திரும்பிவிடும். இதைச் சாரதி எனக்கு நாற்சந்தியில் இறக்கிவிட்ட பிறகுதான் விளக்கினார். நாலு பக்கமும் பார்லி வயல். மரநிழல் இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை, கேட்பதற்கு ஒரு குஞ்சு குருமான் இல்லை. முக்கால் மணி நேரம் நடந்திருப்பேன். பன்றித் தீவனம் ஏற்றிய ஒரு லாரி பக்கத்தில் வந்து நின்றது.

ஓட்டியவர் பெரிய உடம்புக்காரர். தமிழரா என்று கேட்டார். ஓம் என்றேன். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி, “உங்களைப் பற்றித்தான் வானொலியில் எப்போதும் சண்டை பிடிக்கிறார்கள். நேரில் பார்த்தால் சாதாரண ஆளாக இருக்கிறாய்” என்றார். பிறகு ஒரு கறுத்த மிட்டாயை நீட்டினார். வாயில் போட்டேன். உப்பு. இனிப்பு என்ற பெயரில் உப்பைத் தின்கிற சனம் உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். துப்பினால் மரியாதையில்லை. விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன், அவர் இன்னொன்று தந்தார்.

தேவாலயம் வெள்ளையாக, கோபுரம் கட்டையாக இருந்தது. சுற்றிவர மயானம். மயானம் என்று எழுதவே கை கூசுகிறது. ஒவ்வொரு கல்லறைக்கும் சின்னப் பச்சை வேலி, பூச்செடி, இடையில் பரப்பிய சரளைக் கல். அந்தச் சரளையைக்கூட யாரோ வாரிக் கோடு கோடாக விட்டிருந்தார்கள். எங்கள் கோயில் வீதியைக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் கூட்டிவிட்டது போல இருந்தது.

கிழக்கு மூலையில் ஆறு வெள்ளைக் கற்கள் ஒரே வரிசையில் நின்றன. பக்கத்தில் ஊரார் நட்ட ஒரு பெரிய கருங்கல், அதில் விமானத்தில் வந்த ஏழு பேரின் பெயரும். அந்தக் கல்லுக்கு முன்னால் நீல மேலங்கி போட்ட ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மரச் சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். காலடியில் வாழையிலைக்குப் பதில் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை ஒன்றை விரித்து, அதில் சோறும் ஏதோ கறியும் இருந்தன. கையில் செடிக்குத் தண்ணீர் விடுகிற பச்சை வாளி. மற்றக் கையில் எள்ளை வைத்துக்கொண்டு, அதன் மேல் தண்ணீரைச் சரித்துப் புல்லில் விட்டார். முதலில் ஒரு பெயர் சொன்னார். அது பாலனுடைய தகப்பனாரின் பெயர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்கள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாள். என் அப்பா இருந்த காலத்தில் அவர் தன்னுடைய அப்பாவுக்காகக் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போவார். நானும் பின்னால் போவேன். கேணிக்குள் இறங்கினால் பக்கத்தில் நிற்பவனின் முழங்கை விலாவில் இடிக்கும், அவ்வளவு சனம். வீட்டுக்கு வந்தால் காத்தோட்டிக்காய் வறையலோடு சோறு. அந்தக் கசப்பை வருடத்தில் ஒருநாள்தான் தின்போம். இப்போது என் அப்பாவும் இல்லை. லண்டனுக்கு வந்த பிறகு ஒரு வருடம்கூட நான் இந்த நாளை நினைத்ததில்லை. நாலு நாளாகச் சந்தேகத்தோடு நான் பார்த்த மனுசன் அதை இந்தக் கண்காணாத கிராமத்தில் செய்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கருங்கல்லைப் பார்த்து மற்றப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எள், தண்ணீர். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆறு பெயர் முடிந்தது. கடைசிப் பெயருக்கு மட்டும் இரண்டு தரம் இறைத்தார். அந்தப் பெயர் வில்மட்.

நான் செருமினேன். திரும்பினவரின் முகம் செத்துப்போயிற்று. வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மச்சான், வசந்திக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். “சுடலையிலதான் வேலை செய்யிறன். மூண்டு வருசமா. கொம்யூன் தந்த வேலை. வேண்டாமெண்டா பைலுக்குப் பாதகமா வந்திடுமோ எண்டு பயந்து ஓமெண்டு சொல்லிப்போட்டன். குழி வெட்டுறது, புல்லு வெட்டுறது, எல்லாம் நான்தான்.”

ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்பது அவரைப் போலவே எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் சுடலை வேலைக்கு என்று தனியாக ஆட்களை ஒதுக்கி வைத்திருந்தோம். அவர்களைப் படலைக்கு உள்ளே விட்டதில்லை. தண்ணீரைச் சிரட்டையில் வார்த்தோம். அந்த வேலையை நாங்கள் செய்ய நேர்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எங்களுக்குத் தெரிகிறது. பாலனுக்கு நாளைக்குத் தன் மகளைக் காட்டி யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில்தான் கடிதங்கள் கட்டையாகிப் போயிருக்கின்றன. பொய்யை நீட்டி எழுத அவருக்குத் தெரியாது.

இறைத்த கதையையும் சொன்னார். டென்மார்க்குக்கு வந்த முதல் வருடமே அவருடைய தகப்பனார் இறந்துவிட்டார். ஒரே மகன். கடிதம் வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குகூட முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது யாரோ ஒன்றுவிட்ட தம்பி. அடுத்த ஆடி அமாவாசைக்கு இந்தக் கல்லுக்கு முன்னால் நின்று இறைத்தபோது, இந்தப் பெடியளும் ஊர் விட்டு வந்து செத்தவர்கள்தானே, இவர்களுக்கும் இறைக்கப் பிள்ளை இல்லையே என்று தோன்றியிருக்கிறது. அவர்கள் குண்டு போடப் போனவர்கள் என்று தெரியும்தானே என்று நான் கேட்டேன்.

“தெரியும். எண்டாலும் பாருங்கோ, இந்தக் கல்லில பத்தொன்பது வயசெண்டு போட்டுக் கிடக்கு” என்றார். “ஏழு பெயர், ஆறு குழிதான். கடைசி ஆளின்ர உடம்புகூடக் கிடைக்கேல்லைப் போல. எங்கட ஊரில காணாமல் போன பெடியள் மாதிரி. அதுதான் அவருக்கு மட்டும் ரெண்டு தரம் இறைக்கிறனான்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.

“பாலன், வில்மட் சாகேல்லை. அவற்ற வீட்டு மேல் அறையிலதான் நான் இருக்கிறன்.”

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதென்றால் எங்கள் ஆட்களுக்கு அது என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வாயால் அப்படி ஒரு சொல் சொன்னாலே துப்பித் தலையைச் சுற்றுவோம். இவர் மூன்று வருடம், அதுவும் இரண்டு மடங்காகச் செய்திருக்கிறார். புல்லில் கிடந்த எள்ளை விரலால் ஒதுக்கினார். பிறகு கணக்குத் தீர்ந்தது போலச் சொன்னார்: அதுதான் பைல் நகரவில்லை, பாவத்தைச் செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் எங்கே வரும், அப்பாவுக்கு இறைத்ததும் பாழ். திங்கட்கிழமை கொம்யூனுக்குப் போய் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துவிட்டு ஊருக்கே போகிறேன் என்றார். நான் எவ்வளவோ சொன்னேன். காதில் விழவில்லை.

அந்த நேரம் மயானத்துக்குப் பொறுப்பான கிழவர் வந்தார். கிறிஸ்தியன் என்று பெயர். வாயில் பைப், கையில் கத்தரிக்கோல். கோவா இலையைப் பார்த்தார், பாலனைப் பார்த்தார். பாலன் எழுந்து டேனிஷில் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். வேலை போகப்போகிறது என்று நான் நினைத்தேன். கிழவர் பைப்பை எடுத்துவிட்டுச் சொன்னதைப் பாலன் எனக்குப் பிறகு தமிழில் சொன்னார்: “எனக்கு முதல் வருடமே தெரியும். நீ போன பிறகு அந்த மூலைக்குச் சிட்டுக்குருவி அவ்வளவும் வரும். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்.”

விமானம் விழுந்தபோது கிறிஸ்தியனுக்குப் பதினாலு வயது. ஜெர்மன்காரர் சடங்கு ஒன்றும் செய்ய விடாமல் ஆறு பேரையும் மூடிவிட்டுப் போனார்களாம். விடியும்போது ஊரார் அத்தனை பேரும் தோட்டத்துப் பூவைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார்களாம். ஏழாவது ஆள் ஓடி ஒளிந்து பிடிபட்டது இவர்களுடைய மாட்டுக் கொட்டிலில்தான். பிடித்துக்கொண்டு போக முதல் இவருடைய தாய் ஒரு கோப்பை பால் கொடுத்திருக்கிறாள். விமானத்தில் வந்தது ஏழு பேர், ஆகவே கல்லில் ஏழு பெயரையும் வெட்டினோம் என்றார். அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார், என்னுடைய வீட்டுக்காரர் என்று நான் சொன்னதும் கிழவர் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தொலைபேசியைக் கையில் தந்தார்.

லண்டனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முழங்கால் வலியோடு நடந்து வர நேரம் வேண்டும். பாலனுக்கு அந்த நேரத்துக்குள் வேர்த்துவிட்டது. வில்மட்டின் குரல் கேட்டதும் நான் நடந்ததைச் சொன்னேன். எள், தண்ணீர், மூன்று வருடம், இரண்டு மடங்கு. அந்த ஆளிடம் கொடு என்றார். பாலன் தொலைபேசியை வாங்கித் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, உடம்பு சுகமாக இருக்கிறதா என்பது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று பதில் வந்திருக்க வேண்டும். பிறகு வில்மட் நீளமாகப் பேசினார். பாலன் கையால் சைகை காட்டி என்னையும் காதை ஒட்டி வைத்துக் கேட்கச் சொன்னார்.

“தம்பி, நீ எனக்கு இரண்டாவது ஆள்” என்று வில்மட் சொல்லிக்கொண்டிருந்தார். “முதல் ஆள் என் அம்மா. காணவில்லை என்று தந்தி போனதும் அவள் பொறுக்கவில்லை. தேவாலயத்தில் செத்தவர்களுக்கு வைக்கும் பூசையை எனக்கு வைத்து, என் உடுப்பையெல்லாம் தானம் கொடுத்துவிட்டாள். கைதி முகாமிலிருந்து நான் போட்ட அட்டை அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்தால், என்னுடைய ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறான் பக்கத்து வீட்டுப் பையன். பூசை வைத்தாள் என்பதற்காக நான் செத்துப்போகவில்லை. வந்து அவளோடு இருபது வருடம் இருந்தேன். நீ இறைத்த தண்ணீர் வீணில்லை. அந்த ஆறு பேரிடம் கேட்டுப் பார், எனக்கும் சேர்த்து அவர்கள் குடித்திருப்பார்கள். அடுத்த வருடமும் ஊற்று. என் பெயரை விட வேண்டாம், எப்படியும் தேவைப்படும்.”

பாலன் அழுதார். சிரித்தார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கிறிஸ்தியன் வீட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பவும் அழுதார். கிறிஸ்தியனின் மனைவி ஒன்றும் கேட்காமல் கறுத்தப் பாணில் வெண்ணெய் பூசி வைத்தார். விரதக்காரர் சாப்பிட்டார்.

பிறகு நாங்கள் இருவரும் போய் ஆறு கற்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு இனிப்பு வைத்தோம். எனக்கு அப்போது மனத்தில் ஒரு முரண்டும் இருக்கவில்லை. படம் பிடித்தேன். ஒரு படத்தில் பாலனைச் சரளை வாரியோடு நிற்கச் சொன்னேன். நின்றார்.

திரும்பும் வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர், வில்மட் பிழைத்து வந்த மாதிரித் தன் மனிசியும் பிள்ளையும் வந்து சேருவினம் என்று தனக்கு இப்போது தோன்றுவதாகச் சொன்னார். ஆனால் வசந்திக்கு உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பத்தை வைத்திருப்பது என்றும், அவளுக்கு அருவருப்பாக இருந்தால் அவள் ஊருக்குப் போகட்டும், தான் மறிக்க மாட்டேன் என்றும் சொன்னார். தன்னால் சொல்ல வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று என் தலையில் கட்டினார்.

அடுத்த நாள் காலை வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தோம். லொட்ஜ் முதலாளி வசந்தியைக் கூப்பிட அனுப்பிய பையன் படியேறி ஓடும் சத்தம் கேட்டது. பாலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோசேப்பு மட்டும், “பயப்படாதங்க அண்ணன், மறுகா எல்லாம் சரியா வரும்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். வசந்தியின் குரல் வந்தது. நான் சுகம் விசாரிக்கவில்லை. வேறு பெண் ஒருத்தியும் இல்லை தங்கச்சி என்றேன். பூங்காவும் இல்லை, சுடலை என்றேன். குழி வெட்டுகிறார், புல் வெட்டுகிறார், உனக்குச் சொல்ல வெட்கப்பட்டு மூன்று வருடம் ஒளித்துவிட்டார் என்றேன். நேற்று ஆடி அமாவாசைக்கு அந்தச் சுடலையில் நின்றுதான் உன் மாமாவுக்கு எள்ளுத் தண்ணி இறைத்தார் என்பதையும் சொன்னேன்.

லொட்ஜ் வாசலில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

“அண்ணா” என்றாள். “வேலையால வந்து குளிச்சிட்டுத்தானே சாப்பிடுறவர்?”

அவள் கேட்டதை நான் அப்படியே பாலனிடம் சொன்னேன். சுவரிலிருந்து திரும்பியவர் என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினார்.

“ரெண்டு தரம் குளிக்கிறனான், வசந்தி” என்றார்.

நான் குசினிக்குப் போய் யோசேப்போடு நின்றேன். அடுப்பில் பால் கொதித்து வழிந்தது, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பாலன் வந்து அடுப்பை அணைத்தார்.

“விண்ணப்பத்தை எடுக்க வேண்டாமாம்” என்றார். “கொழும்பிலயே இருக்கிறாவாம். எத்தினை வருசமெண்டாலும் இருக்கிறாவாம்.”

இருந்தாள். பிள்ளையோடு அந்த லொட்ஜ் அறையில் மேலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்து, பிறகு வந்தாள்.